ஆடிக் காற்றுக்கும் அசையாத குருவித் தட்டு!

வீட்டில் தேங்காய் உடைக்காத நாள் உண்டா? சட்னிக்குத் துருவி முடித்ததும் கொட்டாங்குச்சி குப்பைக்கோ, வெந்நீர் அடுப்புக்கோ போய்விடும். அதில் ஒன்றை மட்டும் எடுத்து வைத்தால், சிட்டுக்குருவிக்கு சாப்பாட்டுத் தட்டு ரெடி. லீவு நாளில் போனும் கையுமாக உட்கார்ந்திருக்கும் குட்டீஸுக்கு ஒரு மணி நேர வேலையும் ரெடி.

இணையத்தில் தேடினால், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் எதிரெதிரே ஓட்டை போட்டு, மரக்கரண்டியைச் செருகி, உள்ளே தானியத்தைக் கொட்டித் தொங்கவிடும் வீடியோக்கள்தான் முதலில் வரும். பார்க்க அழகுதான். ஆனால், தேனி மாவட்டத்தில் அதற்கு ஒரு சிக்கல் இருக்கிறது. காற்று! ஆண்டிபட்டி, கண்டமனூர் பக்கம் காற்றாலைகள் சும்மாவா நிற்கின்றன? ஆனி, ஆடி மாதங்களில் மலை இடுக்கு வழியாக இறங்கும் காற்றில், ஒற்றைக் கயிற்றில் தொங்கும் பாட்டில் பம்பரமாகச் சுற்றும். தானியம் முழுக்கத் தரையில் கிடக்கும். குருவி பக்கத்திலேயே வராது. ஐப்பசி மழையில் இன்னொரு பிரச்னை. பாட்டிலுக்குள் ஈரம் இறங்கினால் தானியம் பூஞ்சை பிடித்துவிடும். அதைத் தின்னும் பறவை நோயில் விழும்.

அதனால் கம்பம், சின்னமனூர், உத்தமபாளையம் வீடுகளுக்குக் கொட்டாங்குச்சிதான் தோது. பாதியாக உடைந்த, கண் இல்லாத பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தேங்காய்ச் சில்லு ஒட்டியிருந்தால் சுரண்டிவிட்டு, வெந்நீரில் கழுவி வெயிலில் காயவையுங்கள். விளிம்புக்குக் கீழே சம இடைவெளியில் மூன்று துளைகள். பழுக்கக் காய்ச்சிய ஆணியை இடுக்கியால் பிடித்து அழுத்தினால் இறங்கிவிடும். இதைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும். அடியில் ஊசி முனை அளவுக்கு இரண்டு துளைகள் போட்டால் மழைத் தண்ணீர் வடியும். கட்டுவதற்குத் தென்னை நார்க்கயிறு போதும். நைலான் நூலும் பட்ட நூலும் வேண்டவே வேண்டாம், குருவியின் காலில் சுற்றிக்கொண்டால் அறுத்துவிடும். மூன்று கயிறுகளையும் மேலே ஒரே முடிச்சில் சேர்க்காமல், ஜன்னல் கம்பியிலோ கொடிக்காலிலோ தனித்தனியாக இழுத்துக் கட்டுங்கள். ஆடிக் காற்றென்ன, அதற்கு மேலும் அடித்தாலும் தட்டு அசையாது.

மழைக்குக் கூரை வேண்டுமா? காலியான ஐந்து லிட்டர் சமையல் எண்ணெய் கேனை நீளவாக்கில் வெட்டிக் கவிழ்த்தால் குடைபோல நிற்கும். வெட்டிய விளிம்பை மெழுகுவத்தியில் லேசாக வாட்டினால் கூர்மை போய்விடும்.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. விவசாயம் நடக்கும் ஊர்களில் காலியான பூச்சிமருந்து டப்பாக்கள் கிடைப்பது சுலபம். எத்தனை முறை கழுவினாலும் அவற்றைக் குருவித் தட்டாகவோ தண்ணீர்த் தொட்டியாகவோ பயன்படுத்தாதீர்கள். பெயின்ட் டப்பாவும் கூடாது.

என்ன வைக்கலாம்? கம்பு, தினை, அரிசி நொய். பிஸ்கட், மிக்சர், முறுக்கு என உப்பும் எண்ணெயும் சேர்ந்தது எதுவும் வேண்டாம். மிஞ்சிய சோறு வைத்தால் மதியத்துக்குள் எடுத்துவிட வேண்டும், வெயிலில் புளித்துவிடும். அகலமான மண் சட்டியில் கட்டைவிரல் ஆழத்துக்குத் தண்ணீர். எவர்சில்வர் கிண்ணம் வெயிலில் சுடும். தண்ணீரை தினமும் மாற்றுங்கள், இல்லையென்றால் குருவிக்கு முன்னால் கொசு குடியேறிவிடும்.

இதெல்லாம் புதிய பழக்கமும் இல்லை. அறுவடை முடிந்ததும் நெற்கதிர்களைக் குஞ்சமாகப் பின்னி வாசலிலோ முற்றத்திலோ தொங்கவிட்ட வீடுகள் தமிழகத்தில் நிறைய இருந்தன. வீட்டுக்கு அலங்காரம், குருவிக்கு ஆகாரம். முல்லைப் பெரியாறு தண்ணீரில் லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இரண்டு போகம் நெல் விளையும் பள்ளத்தாக்கில் கதிருக்கா பஞ்சம்? ஒரு கைப்பிடிக் கதிர் கேட்டால் எந்த விவசாயியும் இல்லை என்று சொல்ல மாட்டார்.

ஆனால், திராட்சை விவசாயியிடம் பறவையைப் பற்றிப் பேசினால் முகம் மாறும். அதிலும் நியாயம் இருக்கிறது. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை மனிதர்களுக்கு மட்டுமா ருசிக்கும்? பழம் கறுக்கும் நேரத்தில் மைனாவும் கிளியும் கொண்டைக்குருவியும் கொத்திய குலையை வியாபாரி தொட மாட்டார். பந்தலுக்கு வலை கட்டுவது செலவு. எனவே தோட்டத்தை ஒட்டி வீடு இருப்பவர்கள், பந்தலுக்குப் பக்கத்தில் தட்டைத் தொங்கவிட்டுப் பறவைகளைக் கூட்டிவராதீர்கள். தெருப் பக்கம், சுவரை ஒட்டி, பூனை எட்டாத உயரத்தில் சின்னத் தட்டாக வையுங்கள். சிட்டுக்குருவிக்கு அது போதும்.

அந்தச் சிட்டுக்குருவியால் லாபமும் உண்டு. வளர்ந்த குருவி தானியம் தின்றாலும், முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்கு அது ஊட்டுவது பெரும்பாலும் புழு, பூச்சிதான். புழுவே இல்லாமல் மருந்தடித்த இடத்தில், தட்டு நிறையக் கம்பு இருந்தாலும் குஞ்சு தேறுவது கஷ்டம். மாடித் தோட்டத்திலாவது மருந்தைக் குறைத்து, இரண்டு அவரைக் கொடி, ஒரு முருங்கைக் கன்று விட்டுவைக்கலாம்.

மலிவான தட்டுக்கு எத்தனை விருந்தாளிகள் வருவார்கள்? சென்னை ராயப்பேட்டையில் கேமரா பழுது பார்த்துவந்த ஜோசப் சேகரின் கதையைக் கேட்டால் தெரியும். 2004 சுனாமிக்குப் பிறகு தன் மாடிக்கு வந்த கிளிகளுக்கு அரிசி வைக்கத் தொடங்கினார். பின்னாளில் அவர் மாடியில் ஊறவைத்த அரிசியைப் பரப்பியது சாதாரண மரப்பலகைகளில்தான். வந்து இறங்கியவை ஆயிரக்கணக்கான கிளிகள். ஆனால், அதற்காக அவர் ஊருக்குப் போவதைக்கூட யோசிக்க வேண்டியிருந்தது. தினமும் நிறைய வைத்துப் பழக்கிவிட்டுத் திடீரென நிறுத்துவது சரியல்ல. காலையில் ஒரு பிடி, அவ்வளவுதான் உங்கள் கணக்கு என்று வைத்துக்கொண்டால், நீங்கள் நாலு நாள் வெளியூர் போனாலும் குருவி தன் பாட்டைப் பார்த்துக்கொள்ளும்.

சில சமயம் சாப்பிட வந்த குருவி மீட்டர் பெட்டியிலேயே கூடு கட்டிவிடும். 2020-ல் சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில் தெருவிளக்கு சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு குருவி முட்டையிட்டது. குஞ்சு பறக்கும்வரை, ஒரு மாதத்துக்கும் மேலாக ஊரே தெருவிளக்கு இல்லாமல் இருந்தது. சிட்டுக்குருவிக்கு அடைகாக்க இரண்டு வாரம், குஞ்சு பறக்க இன்னும் இரண்டு வாரம். அதுவரை கூட்டைக் கலைக்காதீர்கள். இன்னொரு கூட்டுக்கு இடம் தர, செருப்பு வந்த அட்டைப் பெட்டியில் ஒன்றேகால் அங்குலத்தில் ஒரு வட்டத் துளை போட்டு, மழை படாத தாழ்வாரத்தில் மாட்டினால் போதும்.

தட்டைக் கட்டிய அன்றே எதுவும் வரவில்லை என்று குழந்தைகள் முகம் சுளிப்பார்கள். குருவிக்குப் புது இடம் பழக ஒரு வாரம் ஆகலாம், இரண்டும் ஆகலாம். அதுவரை இடத்தை மாற்றாமல் தினமும் அதே நேரத்துக்கு வையுங்கள். அநேகமாக முதலில் வந்து உட்காரப்போவது அணில். விரட்டாதீர்கள், அதுவும் ஒரு வாய் தின்றுவிட்டுப் போகட்டும்.