பம்பு பழுதானால் பையன் மீதா பழி?

கொழும்புக்கு வேலைக்குப் போன நம் லயத்துப் பிள்ளைகள் எல்லோரும் கடையில் நிற்பதில்லை. மட்டக்குளிப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் பம்புக்கும் பைப்புக்கும் உதவியாளாக நிற்கிறவர்களும் உண்டு. நாங்கள் படிப்பித்த பிள்ளை ஒருவன் தீபாவளிக்கு வந்தபோது சொன்னதை வைத்துத்தான் இதை எழுதுகிறோம்.

அவன் வேலை செய்த இடத்தில் ஒரு தண்ணீர்ப் பம்புக்கு அடிக்கடி சீல் போனது. மூன்றாவது முறை போனதும், போல்ட்டை ஒழுங்காக இறுக்கவில்லை என்று அவனுடைய சம்பளத்தில் காசை வெட்டிவிட்டார்கள். "ஓட்டைக்கு ஓட்டை நேரா வரல சேர். செயின் புளொக் போட்டுப் பைப்ப இழுத்து இறுக்கச் சொன்னாங்க" என்றான்.

விசயம் இதில்தான் இருக்கிறது. இழுத்துப் பூட்டிய பைப் சும்மா இருக்காது. பழைய இடத்துக்கே போகப் பார்க்கும். அந்த இழுவை முழுக்கப் பம்பின் மேல் விழும். பம்பு துளி அசைந்தாலும் அதன் தண்டும் மோட்டரின் தண்டும் ஒரே கோட்டில் நிற்காது. நடுக்கம் பிடிக்கும், பெயாரிங் சூடேறும், சீல் ஒழுகும். எத்தனை சீல் மாற்றினாலும் இதே கதைதான்.

சரிபார்ப்பது பெரிய வித்தையும் அல்ல. பைப்பின் பாரத்தை அதற்கான தாங்கிகள் சுமக்க வேண்டும், பம்பு அல்ல. போல்ட் கையால் தள்ளினாலே ஓட்டைக்குள் போக வேண்டும். இரண்டு பிளேஞ்சுக்கும் நடுவே சுற்றிவர ஒரே இடைவெளியா என்று அளந்து பார்க்க வேண்டும். பிறகு கப்ளிங்கில் டயல் கேஜை வைத்துக்கொண்டு போல்ட்டை இறுக்க வேண்டும். அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனத்தின் 686ஆம் இலக்க வழிகாட்டியின்படி, அப்போது தண்டு 0.05 மில்லிமீற்றருக்கு மேல் நகரக்கூடாது. ஒரு தலைமயிரின் தடிப்பு! எண்ணெய் ஆலைகளுக்காக எழுதியதுதான், ஆனாலும் சின்னப் பம்புக்கும் நியாயம் அதுவே.

ஊசி கூட நகர்ந்தால் பைப்பைக் கழற்றி, வெட்டி, மறுபடி ஒட்ட வேண்டும். அதற்கு அரை நாள் போகும். அந்த அரை நாளைக் கொடுக்க மனமில்லாதவர்கள்தான் செயின் புளொக்கைத் தேடுகிறார்கள். கொழுந்தில் ஈரம் என்று கிலோவை வெட்டுகிறவர்களைப் பார்த்த நமக்கு இந்தக் கணக்கு புதிதல்ல.

சரிபார்க்கும் நேரமும் வேலை நேரம்தான். அதற்குச் சம்பளம் வேண்டும். அளவை எழுதி, மேற்பார்வையாளர் கையெழுத்து வைத்த பிறகே மோட்டரைப் போட வேண்டும். கப்ளிங்குக்கு மூடி இல்லாமல் ஓட்டச் சொன்னால் பிள்ளைகள் மறுக்கலாம். சுழலும் பாகங்களுக்குக் காப்பு வேண்டும் என்று 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமே சொல்கிறது.

அம்மாமாரே, அப்பாமாரே, பிள்ளை லீவில் வந்தால் சம்பளச் சிட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வெட்டு இருந்தால் சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள். அந்தப் பையனின் முறைப்பாட்டை எழுதிவிட்டோம். வெட்டிய காசைத் திருப்பிக் கேட்டிருக்கிறோம்.