மின்விசிறி சுற்றுகிறது, லினக்ஸ் இல்லை என்கிறது

"அண்ணை, ஃபான் சுத்துது. ஆனா லினக்ஸில ஃபானே இல்லை எண்டு காட்டுது." ஸ்காபரோவில் ஒரு மாணவர் சொன்ன இந்தக் குறை, கணினியைத் தானே பூட்டி அதில் லினக்ஸ் போடுகிற பலருக்கும் தெரிந்ததுதான். 'சென்சர்ஸ்' என்று கட்டளை கொடுத்தால் புரொசெசரின் வெப்பநிலை மட்டும் வரும். விசிறியின் வேகமோ மின்னழுத்தமோ வராது.

வெப்பநிலையை அளக்கும் உணரி புரொசெசருக்கு உள்ளேயே இருக்கிறது. விசிறியையும் மின்னழுத்தத்தையும் கவனிப்பது மதர்போட்டில் இருக்கும் தனிச் சிப். பெரும்பாலும் நுவோட்டன் அல்லது ஐடிஇ தயாரித்தது. அதற்குரிய ட்ரைவர் ஏறினால்தான் எண்கள் வரும். வந்த எல்லா எண்களையும் நம்பவும் கூடாது. 127 பாகை என்று கண்டு பதறுபவர்கள் உண்டு. அந்த முனையில் உணரியே பொருத்தப்படாதபோது, எட்டு பிட்டில் அடங்கும் ஆகக்கூடிய நேர் எண் அப்படி வந்து நிற்கும்.

சில மதர்போட்டுகளில் ட்ரைவர் ஏற மறுக்கும். கேர்னல் பதிவைப் பார்த்தால், அந்தச் சிப்பின் முகவரியை மதர்போட்டின் சொந்த நிரலான ஏசிபிஐ ஏற்கெனவே எடுத்துவிட்டது என்று எழுதியிருக்கும். இந்த மோதலைக் கண்டு ட்ரைவரைத் தடுக்கும் கேர்னல் சோதனையைத் தளர்த்திவிடு என்பதுதான் பலரும் உடனே சொல்லும் வழி. எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்தச் சிப்புகளில் முதலில் ஒரு தொகுதியைத் தெரிவுசெய்து, பிறகுதான் அதிலிருந்து படிக்க வேண்டும். லினக்ஸ் ஒன்றைத் தெரிவுசெய்த கணத்தில் மதர்போட்டின் சொந்த நிரல் வேறொன்றுக்கு மாற்றிவிட்டால் பிழையான எண் வரும். எழுதும் வேளையில் அப்படி நேர்ந்தால், எழுதக்கூடாத இடத்தில் எழுதப்படும்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2000களின் தொடக்கத்தில், உணரிகளைத் தேடிய லினக்ஸ் நிரலால் சில ஐபிஎம் திங்பாட் மடிக்கணினிகளின் நினைவகச் சிப் சிதைந்து, அவை தொடங்கவே இல்லை. பிறகு அந்த நிரல், ஐபிஎம் கணினி என்று கண்டால் விலகிக்கொள்ளும்படி திருத்தப்பட்டது.

உணரிகளைச் சிக்கலின்றிப் படிப்பதற்குக் கனடாவிலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. கல்கரியில் தியோ டி ராட் தொடங்கிய ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்தில், ஆதரவுள்ள உணரிகளைப் பார்க்க எதையும் அமைக்க வேண்டியதில்லை. ஒரே 'சிஸ்கண்ட்ரோல்' கட்டளை போதும். அந்த ஏற்பாட்டைப் பற்றியே கொன்ஸ்டன்டைன் முரேனின் 2010இல் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆய்வேடு எழுதினார். ரொறன்ரோவிலிருந்து வாட்டர்லூ அதிக தூரமில்லை. இங்கே கணினி படிக்கும் நம் பிள்ளைகள் அதைத் தேடி வாசிக்க வேண்டும்.

லினக்ஸிலும் நேரான வழி பிறந்திருக்கிறது. 2022இல் வந்த 5.17 கேர்னல், ஆசுஸ் மதர்போட்டுகள் பலவற்றில் அந்த நிறுவனத்தின் சொந்த இடைமுகம் வழியாகவே நுவோட்டன் சிப்பைப் படிக்கிறது. ஆனால் ட்ரைவருக்குள் இருக்கும் பட்டியலில் மதர்போட்டின் பெயர் இருந்தால்தான் அது நடக்கும். உங்களுடையது அதில் இல்லையென்றால் சோதனையைத் தளர்த்தாதீர்கள். பெயரைக் கேர்னல் உருவாக்குநர்களுக்கு எழுதி அனுப்புங்கள்.