டிகோடரை மாற்றும் முன் எஞ்சினைக் கவிழ்த்துப் பாருங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. சிஸ்டம் லேசாக மக்கர் செய்தாலே, "வைரஸ் வந்துவிட்டது, ஃபார்மட் செய்துவிடலாம்" என்று முடிவு கட்டிவிடுவார்கள். பெட்டியைத் திறந்து பார்த்தால் ராம் கார்டு ஸ்லாட்டில் சரியாக உட்கார்ந்திருக்காது. அல்லது ஃபேனில் ஒரு பிடி தூசி இருக்கும். இதே அவசரம் கம்ப்யூட்டருடன் இணைத்து ஓட்டும் பெரிய அளவு மாடல் ரயில் எஞ்சின்கள் விஷயத்திலும் வந்துவிட்டது. எஞ்சின் நின்று நின்று ஓடினால் "உள்ளே சிப் போய்விட்டது" என்கிறார்கள். பல பத்தாயிரம் ரூபாய் கொடுத்து வரவழைத்த எஞ்சின் அப்புறம் அலமாரியில் பொம்மையாக உட்கார்ந்துவிடுகிறது. பெரும்பாலான சமயங்களில் சிப் மேல் ஒரு குற்றமும் இல்லை என்பது என் வாதம்.

பெரிய அளவு என்றால் என்ன என்று முதலில் பார்த்துவிடுவோம். 45 மி.மீ. இடைவெளியுள்ள தண்டவாளத்தில், தோட்டத்திலோ மொட்டை மாடியிலோ ஓடுபவை இவை. ஜெர்மனியின் லேமன் நிறுவனம் 1968-ல் எல்.ஜி.பி. என்ற பெயரில் கொண்டுவந்த ரயில்கள்தான் இந்த அளவைப் பிரபலப்படுத்தின. நிஜத்தில் 22.5-ல் ஒரு பங்கு அளவு. உடுமலைக்காரர்களுக்கு இதில் ஒரு தனி சந்தோஷம் இருக்கிறது. ஒரு மீட்டரை 22.5-ஆல் வகுத்தால் 44.4 மி.மீ. வரும். அதாவது, அகலப்பாதை வேலைக்காக 2009-ல் மூடப்படும் வரை நம் ஊர் வழியாகத் திண்டுக்கல்லுக்கும் பொள்ளாச்சிக்கும் ஓடிய மீட்டர் கேஜ் பாதையின் அச்சு அசல் குட்டி வடிவம் இது! 2015-ல் இங்கே அகலப்பாதை ரயில் வந்துவிட்டது. பழைய மீட்டர் கேஜை வீட்டில் மீண்டும் ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை.

இதில் கம்ப்யூட்டர் எங்கே வருகிறது? டி.சி.சி. எனப்படும் டிஜிட்டல் கட்டுப்பாட்டு முறையில், தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும். அந்த மின்சாரத்திலேயே 0, 1 என்ற கட்டளைகள் கலந்து வரும். எஞ்சினுக்குள் இருக்கும் டிகோடர் என்ற சின்ன சர்க்யூட் தன் எண்ணுக்கு வந்த கட்டளையை மட்டும் படித்து மோட்டாரை ஓட்டும். ஜே.எம்.ஆர்.ஐ. என்ற இலவச சாஃப்ட்வேரை விண்டோஸ், மேக், லினக்ஸ் எதிலும் நிறுவி, உரிய இணைப்புக் கருவி மூலம் இதையெல்லாம் திரையிலேயே செய்திடலாம்.

இப்போது கோளாறுக்கு வருவோம். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிறது, திடீரென்று நிற்கிறது, அதன் ஸ்டார்ட்டிங் சத்தம் முதலிலிருந்து மறுபடி கேட்கிறது. உடனே எல்லோரும் டிகோடரைச் சந்தேகிப்பார்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வோல்டேஜ் ஒரு நொடி குறைந்தால் யு.பி.எஸ். இல்லாத உங்கள் கம்ப்யூட்டர் என்ன செய்யும்? ரீஸ்டார்ட் ஆகும். டிகோடரும் அதைத்தான் செய்கிறது. அதற்கு வரும் மின்சாரம் வழியில் எங்கேயோ அறுபடுகிறது, அவ்வளவுதான். சத்தம் மறுபடி தொடங்குவதே அந்தச் சிப் உயிரோடு இருக்கிறது என்பதற்குச் சாட்சி.

அறுபடும் இடங்கள் நம் ஊரில் அதிகம். ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும்போது காற்றாலைகளுக்குக் கொண்டாட்டம், பித்தளைத் தண்டவாளத்துக்குத் திண்டாட்டம். புழுதி ஒரு பக்கம், பித்தளை தானாகக் கறுப்பது ஒரு பக்கம். தோப்பும் மட்டை மில்லும் பக்கத்தில் இருந்தால் தென்னை மஞ்சி வேறு பறந்து வந்து அச்சில் நூல் சுற்றியது போலச் சுற்றிக்கொள்ளும். எஞ்சினின் சக்கரத்தை ஸ்பிரிங் வைத்து உள்ளிருந்து தொட்டுக்கொண்டிருக்கும் கார்பன் துண்டுகள்தான் மின்சாரத்தை வாங்குகின்றன. அதில் எண்ணெயும் தூசியும் சேர்ந்தால் கறுப்புப் பசை ஆகிவிடும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சு போதும். உப்புத்தாள் போட்டுத் தண்டவாளத்தைத் தேய்க்காதீர்கள். கீறல் விழுந்த இடத்தில் அழுக்கு முன்னைவிட வேகமாகப் பிடிக்கும்.

சுத்தம் செய்தும் சரியாகவில்லையா? எஞ்சினை ஒரு பழைய துண்டின் மேல் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். தண்டவாளத்துக்குப் போகும் இரண்டு வயர்களை நேராகச் சக்கரங்களில் தொட்டு ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு ஜோடிச் சக்கரமாகத் தொடுவது முக்கியம். ஒரு ஜோடியில் ஓடி, மறு ஜோடியில் ஓடாவிட்டால் அங்கே கார்பனோ வயரோ விட்டுப்போயிருக்கிறது. எல்லா ஜோடியிலும் அருமையாக ஓடுகிறது, கீழே வைத்தால் மட்டும் தடுமாறுகிறது என்றால், குற்றம் தண்டவாள இணைப்புகளில். கவிழ்த்த நிலையிலும் விட்டு விட்டு ஓடி, சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போதெல்லாம் "டக்" என்று ஒரு சத்தம் வருகிறதா? பல்சக்கரம் வெடித்திருக்க வாய்ப்பு அதிகம்.

இந்தக் கடைசிக் கோளாறைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணத்தைத் தின்பது இதுதான். பிளாஸ்டிக் பல்சக்கரத்தை இரும்பு அச்சில் இறுக்கமாக அடித்துச் செருகியிருப்பார்கள். வருஷம் போகப் போகப் பிளாஸ்டிக் சுருங்கும், அச்சு சுருங்காது. ஒருநாள் கழுத்தில் மயிரிழை விரிசல் விழும். பல்சக்கரம் அச்சில் நழுவும், இரண்டு பக்கத்துக் கம்பிகளும் முன்பின்னாகி ஒன்றையொன்று இழுக்கும், சக்கரம் இறுகும். மோட்டார் திணறும்போது அதிக ஆம்பியர் இழுக்கும். 3 ஆம்பியர் தாங்கும் டிகோடர் எவ்வளவு நேரம் பொறுக்கும்? எரிந்துவிடும். பார்க்கிறவருக்கு எரிந்த டிகோடர் தெரிகிறது, வெடித்த பல்சக்கரம் தெரிவதில்லை. புது டிகோடர் வைக்கிறார். அதுவும் எரிகிறது.

எனக்குத் தெரிந்த ஒரு பெரியவரின் எஞ்சின் வெளிநாட்டுக்குப் போய், மூன்று மாதம் கழித்துப் புது போர்டுடன் திரும்பி வந்தது. போக வரத் தபால் செலவு, சுங்க வரி எல்லாம் அவர் தலையில். இரண்டாம் வாரமே பழைய "டக்" சத்தம்.

இங்கேதான் தயாரிப்பாளர்கள் மேல் எனக்குக் கோபம். மூன்று கிலோ எஞ்சினை இழுக்கும் பல்சக்கரத்தின் அளவையும் பல் எண்ணிக்கையையும் ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுப்பதில் என்ன நஷ்டம்? கம்பெனி நாளைக்கு இருக்கும் என்று யார் உத்தரவாதம் தர முடியும்? 1881-ல் தொடங்கிய லேமன் நிறுவனமே 2006-ல் திவாலானது. 2007-ல் மெர்க்லின் எல்.ஜி.பி.யை எடுத்துக்கொண்டதால் அந்தப் பெயர் பிழைத்தது. 2009-ல் மெர்க்லினும் அதே நிலைக்குப் போய் மீண்டது. நம் நாட்டில் 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக ஓர் இணையதளம் தொடங்கியது. விவசாயக் கருவி, மொபைல் மற்றும் மின்னணுப் பொருள், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என நான்கு துறைகளை அதில் எடுத்துக்கொண்டார்கள். இந்தப் பட்டியலில் பொம்மை ரயிலுக்கு இடமில்லை.

நிஜ ரயிலைப் பாருங்கள். ஊட்டி மலை ரயிலின் எக்ஸ் வகை நீராவி எஞ்சின்களைச் செய்த ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூர் தொழிற்சாலை எப்போதோ எஞ்சின் கட்டுவதை நிறுத்திவிட்டது. ஆனால் எஞ்சின்கள் நிற்கவில்லை. குன்னூர் ஷெட்டில் பராமரிக்கிறார்கள். திருச்சி பொன்மலைப் பணிமனையில் 2010-களில் அதே வகையைப் புதிதாகவே கட்டினார்கள். வரைபடமும் கடைசல் இயந்திரமும் கையில் இருந்தால் கம்பெனி இல்லாமலும் எஞ்சின் ஓடும்.

நமக்குக் கடைசல் பட்டறைக்கா பஞ்சம்? ஜி.டி. நாயுடு 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்ட சாலை உடுமலை வழியாகத்தான் போகிறது. பம்ப் செட், நூற்பாலை இயந்திரங்களுக்குப் பல்சக்கரம் வெட்டும் பட்டறைகள் கோவையில் இருக்கின்றன. வெடித்த பல்சக்கரத்தின் கழுத்தில் ஒரு பித்தளை வளையத்தை இறுக்கிப் போட்டால் போதும், பல சமயம் புதுச் சக்கரமே வேண்டியதில்லை. அந்த வளையத்தைச் செய்ய லேத்காரருக்குப் பத்து நிமிஷ வேலை. இரண்டு வளையத்துக்காக யார் மெஷினை நிறுத்துவார்கள் என்று கேட்பீர்கள். டீ நேரத்துக்கு முன்னால் போய், எஞ்சினையும் கையோடு எடுத்துப் போங்கள். அதைப் பார்த்த பிறகு முடியாது என்று சொன்னவரை நான் கண்டதில்லை. வீட்டு 3டி பிரிண்டரில் பல்சக்கரம் எடுக்கலாமா? அளவு சரியா என்று வைத்துப் பார்க்க எடுக்கலாம். எஞ்சினை இழுக்க அதை நம்ப மாட்டேன்.

டிகோடர் உண்மையிலேயே பழுதாவதில்லையா என்றால், ஆகும். மழைநீர் இறங்கினால், மோட்டார் வயரைத் தப்பாக இணைத்தால் போய்விடும். சில சமயம் செட்டிங் மட்டும் குழம்பியிருக்கும். பல டிகோடர்களில் சி.வி. 8-ல் 8 என்று எழுதினால் தொழிற்சாலையில் வைத்த நிலைக்குத் திரும்பிவிடும், எஞ்சின் எண் 3 ஆகிவிடும். உங்கள் டிகோடரின் கையேட்டில் பார்த்துவிட்டுச் செய்திடுங்கள். அதற்கு முன்னால் இருக்கும் செட்டிங் எல்லாவற்றையும் ஜே.எம்.ஆர்.ஐ.யில் படிக்க வைத்து ஃபைலாகச் சேமித்து, பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். புது எஞ்சின் வாங்கப் போகிறவர்கள் இன்னொரு கேள்வியையும் கடையில் கேளுங்கள்: உதிரிபாகங்களின் எண்ணோடு பிரித்துக் காட்டும் படம் பெட்டிக்குள் இருக்கிறதா? இல்லை என்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் நான் வாங்க மாட்டேன்.