ஒரே கொட்டேஷன் போதுமா?

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் கான்பூர் வீட்டில் நாலைந்து தமிழ்க் குடும்பங்கள் கூடியிருந்தோம். கோயமுத்தூரிலிருந்து வந்த காபிப்பொடி, தங்கமணி சுட்ட மெதுவடை, அப்புறம் வழக்கம்போல அரசியல். நண்பர் ஒருவர் ஆரம்பித்தார்.

"ஜனாதிபதி தேர்தலுக்கெல்லாம் எதுக்கு சார் போட்டி? ரிசல்ட் முன்னாடியே தெரியும். 2002-ல கலாமை எதிர்த்தே ஆள் நிறுத்தினாங்களே, ஒரு தமிழரை!"

எதிர்த்து நின்றது யார் என்று கேட்டேன். "யாரோ கம்யூனிஸ்ட் அம்மா" என்றார்.

யாரோ இல்லைங்க. கேப்டன் லட்சுமி சாகல். 1914-ல் சென்னையில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, நேதாஜியின் ஐ.என்.ஏ.வில் ஜான்சி ராணி படைக்குத் தலைமை தாங்கியவர். கல்யாணத்துக்குப் பிறகு இதே கான்பூரில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தவர். இடதுசாரிகள் அவரை நிறுத்தியபோது வயது 87. சொன்னதும், "அவங்க பாலக்காட்டு வழி..." என்று இழுத்தார் நண்பர். பார்த்தீர்களா, மறுபடியும் அதே 'நம்ம ஆளு' கணக்கு!

அவரைத் திட்ட எனக்கு யோக்கியதை கிடையாது. 2002-ல் என் முதல் போஸ்டிங் இதே ஊர்தான். ஜூலைப் புழுக்கம், கரண்ட் கட், அரைகுறை இந்தி. கிளையில் தண்ணீர் கொண்டுவந்து வைக்கும் பெரியவர் கேட்டார், "நம்ம டாக்டர் அம்மா நிக்கறாங்களே, அவங்களும் மதராஸிதானே, உங்களுக்கு சந்தோஷமா?" நான் "எங்க ஆளு கலாம்" என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் டம்ளரை எடுத்துக்கொண்டு போனார். அந்த அம்மாவை ஒரு நடை போய்ப் பார்க்கணும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. அப்புறம் மாற்றல். 2012 ஜூலையில் அவர் இறந்த செய்தியை இந்தூரில் பேப்பரில் படித்தேன்.

2017-ல் கான்பூர் தேஹாத் மாவட்டத்துக்காரரான ராம்நாத் கோவிந்த் நின்றபோது, இந்த ஊர் நண்பர்கள் போனில் "ஹமாரா ஆத்மி" என்று குதித்தார்கள். நான் சிரித்தேன். 2002-ல் நான் செய்தது மட்டும் வேறென்னவாம்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வாக்கு மதிப்பில் கலாமுக்கு 9,22,884, லட்சுமி சாகலுக்கு 1,07,366. 2022-ல் திரௌபதி முர்முவுக்கு 6,76,803, யஷ்வந்த் சின்ஹாவுக்கு 3,80,177. தோற்பது உறுதி என்றால் எதற்கு நிற்கணும் என்கிறீர்கள். கிளைக்கு ஒரு ஏசி வாங்குவதென்றாலே மூன்று கொட்டேஷன் கேட்கிறோம். ஆர்டர் யாருக்கு என்பது பியூனுக்குக்கூடத் தெரிந்தாலும், மூன்றும் ஃபைலில் இல்லாவிட்டால் ஆடிட்டர் குடைந்து எடுத்துவிடுவார். ராஷ்டிரபதி பவனுக்கு மட்டும் ஒரே கொட்டேஷன் போதுமா?

அதுவும் எப்போதும் முடிவு தெரிந்த ஆட்டம் இல்லை. ரகசிய வாக்கு, கொறடா உத்தரவு செல்லாது. 1969-ல் காங்கிரஸின் அதிகாரபூர்வ வேட்பாளர் சஞ்சீவ ரெட்டியை வி.வி.கிரி தோற்கடித்தார். அதே ரெட்டிதான் 1977-ல் போட்டியே இல்லாமல் ஜனாதிபதி ஆனார்.

"ரப்பர் ஸ்டாம்புக்கு எதுக்கு சார் இவ்வளவு?" என்பது அடுத்த கேள்வி. 2005-ல் பீகார் சட்டசபையைக் கலைக்கும் உத்தரவில் கலாம் மாஸ்கோவிலிருந்தே கையெழுத்துப் போட்டார். அந்தக் கலைப்பு செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். 2006-ல் அதே கலாம் ஆதாயம் தரும் பதவி மசோதாவைத் திருப்பி அனுப்பினார். எதில் கையெழுத்துப் போடுவீங்க, எதைத் திருப்புவீங்க என்று முன்கூட்டியே கேட்பதற்குத்தானே பிரசாரம்? கேட்க எதிரில் ஒரு ஆள் வேண்டாமா? வேட்பாளர் மாநிலம் மாநிலமாகப் பறந்து எம்.எல்.ஏ.க்களுக்குக் கும்பிடு போட்டுவிட்டுத் திரும்புவதற்குப் பெயர் பிரசாரம் இல்லை.

நமக்கு ஓட்டு இல்லையே என்பீர்கள். 2022-ல் ஒரு உ.பி. எம்.எல்.ஏ.வின் ஓட்டு மதிப்பு 208, தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.வுக்கு 176. எங்கிருந்து வந்தது இந்த எண்? 1971-ல் எண்ணிய ஜனத்தொகையிலிருந்து. அந்த 176-க்குள் என் அப்பாவும் அம்மாவும் இருக்கிறார்கள். கேட்கும் உரிமைக்கு அது போதும்.

எல்லோரும் கிளம்பிய பிறகு பொண்ணு கேட்டாள், "அப்பா, 2002-ல உனக்கு ஓட்டு இருந்திருந்தா யாருக்குப் போட்டிருப்பே?"

"கலாமுக்குத்தாம்மா. ஆனா அந்த அம்மா என்ன சொல்றாங்கன்னு கேட்டுட்டுப் போட்டிருக்கணும்."

அடுத்த முறை 'நம்ம ஆளு' என்று துள்ளுவதற்கு முன்னால், எதிரில் நிற்பவர் யார் என்று ஒரு நிமிஷம் பாருங்கள். அவ்வளவுதான்.