இந்த விலைக்கு இவ்வளவுதானா?

சென்ற ஆவணியில் 40 மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்ட உட்கார்ந்தேன். எப்போதும் சட்டைப் பையில் இருக்கும் கத்தியை அன்று வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தேன். பாகூர் பக்கத்து நாற்றங்காலிலிருந்து வீட்டுக்குப் போய்வர ஒரு மணி நேரம் ஆகிவிடும் என்பதால், பையனை அனுப்பிக் கடையில் ஒரு மடக்குக் கத்தி வாங்கிவரச் சொன்னேன். விலை 180 ரூபாய். பளபளவென்று இருந்தது. எவர்சில்வர் உடம்புக்குள் கத்தி, குட்டி ரம்பம், கத்தரிக்கோல், முள்கரண்டி, பாட்டில் மூடி திறக்கும் கொக்கி என்று என்னென்னவோ அடைத்திருந்தார்கள். ஏழெட்டுத் தண்டு சீவியது. அடுத்ததைச் சீவவில்லை, நசுக்கியது. அலகைப் பெருவிரல் நகத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். கவ்வாமல் வழுக்கிக்கொண்டு போனது. சற்று அழுத்தினேன். பூட்டு விட்டுவிட்டது. அலகு சட்டென்று மடங்கி, ஆட்காட்டி விரலில் மூன்று தையல்.

கட்டுப் போட்ட விரலோடு மறுநாள் கடைக்குப் போனேன். கடைக்காரர் நல்ல மனிதர்தான், வருத்தப்பட்டார். பிறகு சொன்னார்: "சார், இந்த விலைக்கு இவ்வளவுதான் கிடைக்கும்."

குடை, டார்ச் லைட், தாழ்ப்பாள் என்று எதை வாங்கினாலும் இந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்திருக்கிறோம். கேட்டவுடன் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுகிறோம். அது உண்மையில்லை என்பதற்கு, அன்று நான் வீட்டில் மறந்துவிட்டு வந்த கத்தியே சாட்சி.

அது என் அப்பாவுடையது. புதுச்சேரியில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களைச் சொல்தா என்போம். அப்பாவும் ஒரு சொல்தா. 1972-ல் ஊர் திரும்பியபோது அவருடைய பெட்டியில் இருந்தது இந்த 8-ஆம் எண் ஒப்பினெல் கத்தி. பிரான்சில் ஏதோ ஒரு புகையிலைக் கடையில் சிகரெட்டோடு சேர்த்து வாங்கியதாகச் சொல்வார். பரிசுப் பொருளோ பட்டாளம் கொடுத்ததோ அல்ல. விவசாயியும் மேய்ப்பனும் ரொட்டி அறுக்க வாங்கும் சாதாரணக் கத்தி. பிரான்சின் சவ்வா மலைப் பகுதியில் ஜொசெஃப் ஒப்பினெல் என்ற கருமான் வீட்டுப் பிள்ளை 1890-ல், தன் 18 வயதில் செய்து பார்த்தது. 1897-க்குள் 1 முதல் 12 வரை எண் போட்டுப் பன்னிரண்டு அளவுகளில் வந்துவிட்டது. அலகில் கிரீடம் வைத்த கை ஒன்று பொறித்திருக்கும். அப்பாவின் கத்தியில் அது தேய்ந்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிகிறது.

மொத்தம் ஐந்து பாகம். எட்டரை சென்டிமீட்டர் அலகு, பீச் மரப் பிடி, ஒரு ஆணி, நிலையாக நிற்கும் உலோகப் பட்டை, அதன் மேல் சுழலும் பூட்டு வளையம். வளையம் 1955-ல்தான் சேர்ந்தது. அலகைத் திறந்து வளையத்தை ஒரு திருகு திருகினால் போதும், எவ்வளவு அழுத்தினாலும் மடங்காது. என் விரலுக்கு அன்று வேண்டியிருந்தது அந்த ஒரு துண்டுத் தகடுதான். தங்கை மகன் பாரிசிலிருந்து போன வருடம் கொண்டுவந்த புதிய கத்தியில், மூடிய பிறகும் வளையத்தால் பூட்டிக்கொள்ளலாம். நூறு வருடத்துக்கு மேல் ஒரே கத்தியைச் செய்துகொண்டே இருப்பவர்களுக்கு எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரிந்திருக்கிறது.

அதில் குறையும் உண்டு, மறைக்க மாட்டேன். ஐப்பசி மழையில் மரப்பிடி ஊறிவிட்டால் அலகு வெளியே வராமல் அடம்பிடிக்கும். அப்பா கத்தியைத் தலைகீழாகப் பிடித்து, பிடியின் அடிப்பகுதியைத் திண்ணை ஓரத்தில் 'டொக்' என்று ஒரு தட்டுத் தட்டுவார். அலகு நுனி எட்டிப் பார்க்கும். சவ்வாக்காரர்களே அப்படித்தான் தட்டுவார்கள் என்பார். கார்பன் எஃகு என்பதால் துருவும் பிடிக்கும். மாம்பால் பட்டால் நிமிடத்தில் கறுக்கும். துடைத்து ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவினால் போதும். ஐம்பது வருடத்தில் அலகு பாதியாகத் தேய்ந்துவிட்டது, ஆனால் இன்றைக்கும் நகத்தைக் கவ்வுகிறது.

ஏன் கவ்வுகிறது என்று கேட்டால், காசை எங்கே செலவழித்தார்கள் என்று பார்க்க வேண்டும். எஃகில் நூற்றுக்கு ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகக் கார்பன் இருக்கிறது. அதைப் பழுக்கக் காய்ச்சி, சட்டென்று குளிரவைத்துத் தோய்ச்சல் போட்டு, பிறகு மிதமான சூட்டில் கொஞ்சம் இளக்கி விடுகிறார்கள். முதல் வேலையில் கடினம் வருகிறது, இரண்டாவதில் உடையாத தன்மை வருகிறது. அலகையும் மெல்லியதாகத் தீட்டியிருக்கிறார்கள். காசு இந்த இடத்தில் போயிருக்கிறது. பிடி வெறும் கடைந்த மரம். நான் வாங்கிய கத்தியில் இது தலைகீழ். கார்பன் குறைந்த எவர்சில்வரை எவ்வளவு தோய்த்தாலும் கடினம் ஏறாது. அதன் விளிம்பை உளி போலத் தடியாக விட்டு, மிச்சக் காசை மெருகிலும் முள்கரண்டியிலும் போட்டிருக்கிறார்கள். எவர்சில்வரே மட்டம் என்று சொல்லவில்லை. ஒப்பினெல்லும் எவர்சில்வரில் கத்தி செய்கிறது. ஸ்விட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் பத்துக் கருவியை ஒரே பிடிக்குள் வைத்தும் நன்றாகத்தான் செய்கிறது. அந்த வேலைக்கு அந்த விலை வேண்டும். 180 ரூபாயில் ஆறு கருவி கொடுக்கிறேன் என்றால் ஆறும் கருவியாக இருக்காது.

ஒட்டுக் கட்டுகிறவருக்கு இது வீண் நுணுக்கம் இல்லை. ஒட்டுத்தண்டின் அடியை இருபுறமும் ஆப்பு மாதிரி ஒரே இழுப்பில் சீவ வேண்டும். வேர்ச்செடியைப் பிளந்து அதைச் செருகும்போது பட்டைக்கு அடியில் உள்ள பச்சைப் படலம் இரண்டும் ஒன்றையொன்று தொட வேண்டும். மழுங்கிய கத்தி அந்தப் படலத்தை நசுக்கிவிடும். பாலித்தீன் பட்டையை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் மூன்று வாரத்தில் தண்டு கறுத்துப்போகும். அன்று அந்தக் கத்தியால் சீவியதில் பிடித்தது இரண்டே இரண்டு.

"வெளிநாட்டுக் கத்தியோடு நம் கத்தியை ஒப்பிடலாமா, அது விலை கூட இல்லையா?" என்று நண்பர்கள் கேட்டார்கள். கணக்குப் பார்ப்போம். பிரான்சில் குறைந்தபட்சக் கூலி வாங்குகிறவர் ஒன்றரை மணி நேரத்துக்குள் ஒரு 8-ஆம் எண் ஒப்பினெல்லுக்கான பணத்தைச் சம்பாதித்துவிடுவார். என் நாற்றங்காலில் வேலை செய்யும் பெண்களுக்கு நாள் கூலி 450 ரூபாய். அவர்களில் ஒருவர் அந்த 180 ரூபாய்க் கத்தியை வாங்கினால் ஏறத்தாழ அரைநாள் உழைப்பு அதில் போய்விடும். அரைநாள் உழைப்பைக் கொடுத்தவரிடம் "இந்த விலைக்கு இவ்வளவுதான்" என்று எப்படிச் சொல்ல முடிகிறது? மலிவான பொருளைப் பணக்காரர் வாங்கினால் கெட்டதும் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குவார். இல்லாதவர் அதே மழுங்கல் கத்தியை வைத்துக்கொண்டு கையை வெட்டிக்கொள்வார். மலிவுப் பொருளைச் செய்கிறவர்தான் கூடுதல் அக்கறையோடு செய்ய வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

நம்மிடம் தொழில் தெரியாமலும் இல்லை. திருப்பாச்சேத்தி அரிவாளின் பெயர் தமிழ்நாட்டில் யாருக்குத் தெரியாது? லாரிப் பட்டையை அடித்து நீட்டி அரிவாள் செய்யும் பட்டறைகள் இன்னும் எத்தனையோ ஊரில் நடக்கின்றன. விரல் ஆறியதும் வில்லியனூர் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு ஆசாரியிடம் போனேன். எழுபதைத் தாண்டியவர். அப்பாவின் கத்தியை வாங்கி இரண்டு முறை திறந்து மூடினார். அலகைக் காதருகே வைத்துச் சுண்டிப் பார்த்தார். "இதுல ஒண்ணும் வித்தை இல்ல தம்பி, தோய்ச்சல்தான்" என்றார்.

மர மில்லில் உடைந்துபோன பட்டை ரம்பத் தகடு ஒரு துண்டு அவரிடம் கிடந்தது. அதை அடிக்கவில்லை, காய்ச்சவும் இல்லை. ஏற்கெனவே தோய்ச்சல் ஏறிய தகடு அது. கத்தி வடிவத்துக்குத் தேய்த்தார். நான்கு இழுப்புக்கு ஒருமுறை தண்ணீரில் முக்கினார். "சூடு ரொம்ப ஏறிட்டா தோய்ச்சல் போயிடும், அப்புறம் இது வெறும் தகரம்." பூவரசம் பிடியில் வாள் கொண்டு பள்ளம் அறுத்து, பித்தளை ஆணி இறக்கி, இருபக்கமும் வாஷர் வைத்து அடித்தார். பூட்டு இல்லை. அலகின் வாலைச் சற்று நீளமாக விட்டிருந்தார். பிடிக்கும்போது பெருவிரல் அந்த வாலை அழுத்திக்கொள்ளும், அலகு மடங்காது. ஜப்பானில் மிகி என்ற ஊரில் நூறு வருடத்துக்கு மேலாகச் செய்துவரும் ஹிகோனொகாமி கத்தியும் இப்படித்தான் நிற்கிறது. பள்ளிப் பிள்ளைகள் பென்சில் சீவிய மலிவுக் கத்தி அது. அதை இந்த ஆசாரி பார்த்ததே இல்லை.

250 ரூபாய் வாங்கிக்கொண்டார். மறுபடி 40 கன்று கட்டினேன். இடையில் ஒரே ஒருமுறை கல்லில் தீட்டினேன். ஒரு மாதத்தில் ஆணி தளர்ந்து அலகு பக்கவாட்டில் ஆடியது. கொண்டுபோனேன், சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

கடையில் வாங்குகிறவர்கள் பிரிக்காத பெட்டியோடு வாங்காதீர்கள். அலகைத் திறந்து பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். முதுகுப் பக்கம் மெதுவாக அழுத்திப் பூட்டு நிற்கிறதா என்று பாருங்கள். என்ன எஃகு என்று கேளுங்கள், கடைக்காரருக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பத்துப் பேர் கேட்டால் அவர் மொத்த வியாபாரியைக் கேட்பார். செய்கிறவர்கள் அதைப் பெட்டியின் மேல் அச்சடிக்க ஒரு வரி இடம் போதும்.

என் நாற்றங்காலில் மூன்று பெண்கள் தங்களுக்கும் ஆளுக்கொரு ஆசாரிக் கத்தி வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். "தகடு கொண்டா, செஞ்சு தரேன்" என்கிறார் அவர். அடுத்து ரம்பம் உடைந்தால் எடுத்துவைக்கச் சொல்லி மர மில்லில் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.