இரவல் காணியிலும் எரு சேர்ப்போம்

"பிறர் காணியில் குடியிருக்கும் எமக்கு எரு எதற்கு?" என்று சிலர் கேட்கின்றனர். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரென நிறுத்தப்பட்டபோது, போதிய கூட்டெருவின்றி விவசாயிகள் தவித்ததை நாம் மறக்கலாகாது.

மன்னாரில் கட்டாக்காலியாகத் திரியும் கழுதைகளின் விட்டை, குதிரை இலத்தியைப் போலவே நல்ல பசளை. ஆனால் பச்சையாக இடலாகாது. இவை அசைபோடாத மிருகங்களாதலால் புல்விதைகள் பல சாகாமல் வெளிவரும். விட்டையையும் சருகையும் கிளிரிசீடியா இலையையும் மாறிமாறி அடுக்கி, 3 அடிக்குக் குறையாமல் குவித்து, ஈரம் காயாமல் மூடுவோம். உட்சூடு 55 பாகை செல்சியஸைத் தாண்டினால் பெரும்பாலான விதைகள் அழியும். வாரமொருமுறை புரட்டினால் சில மாதங்களில் மண்மணம் வீசும் எருவாகும்.

சொந்தக் காணிக்குத் திரும்பும்போது, போட்ட கொட்டிலைத் தூக்கிச் செல்ல முடியாது. எருவைச் சாக்கில் கட்டிச் செல்லலாம். நெடுநாள் தரிசாய்க் கிடந்த மண்ணுக்கு நாம் கொண்டுபோகும் சீதனம் அதுவே.