எத்தனை ஹெச்.பி. என்று கேட்டால் மட்டும் போதுமா?

திருவட்டாறு பஸ் ஸ்டாண்டில் நாலு மாணவர்கள் கூடி ஸ்போர்ட்ஸ் கார் பற்றிப் பேச ஆரம்பித்தால், முதல் கேள்வி "எத்தனை ஹெச்.பி.?" என்பதாகத்தான் இருக்கும். "எத்தனை கிலோ?" என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் காரின் பிக்கப்பைத் தீர்மானிப்பதில் சரிபாதிப் பங்கு இந்தக் கேட்கப்படாத கேள்விக்கு இருக்கிறது.

பிளஸ் ஒன் இயற்பியலில் படித்த இரண்டு சமன்பாடுகள் போதும். விசை என்பது நிறையையும் முடுக்கத்தையும் பெருக்கினால் வருவது. திறன் என்பது விசையையும் வேகத்தையும் பெருக்கினால் வருவது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். இன்ஜின் திறனை நிறையாலும் அப்போதைய வேகத்தாலும் வகுத்தால் முடுக்கம் கிடைத்துவிடும். அதாவது குதிரைத்திறனை இரண்டு மடங்காக்குவதும் எடையைப் பாதியாக்குவதும் கணக்கில் ஒன்றுதான்!

எல்லோருக்கும் தெரிந்த மாருதி 800-ஐ எடுத்துக்கொள்வோம். 1983-ல் வந்த வண்டி. எடை சுமார் 650 கிலோ, திறன் சுமார் 37 ஹெச்.பி. ஒரு டன்னுக்கு 57 ஹெச்.பி. என்று ஆகிறது. அதில் 65 கிலோ வீதம் ஐந்து பேர் ஏறினால் மொத்தம் 975 கிலோ. டன்னுக்கு 38 ஹெச்.பி. மட்டுமே மிஞ்சும். இன்ஜினை யாரும் தொடவில்லை, ஆனால் மூன்றில் ஒரு பங்கு சக்தி போனது போலத்தான். குலசேகரம் ரோட்டு ஏற்றத்தில் குடும்பத்தோடு போகும்போது கியரைக் குறைக்க வேண்டி வருவது இதனால்தான்.

இதே மாருதி 800 இன்ஜினை வைத்துப் பந்தயக் கார் செய்தவர் கோவையைச் சேர்ந்த கரிவரதன். ஃபார்முலா மாருதி என்று அதற்குப் பெயர். கதவு, கூரை, பின் சீட்டு எதுவும் கிடையாது, ஒருவர் மட்டும் உட்காரும் இலேசான கார். 2005-ல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநரான நரேன் கார்த்திகேயன் ஆரம்ப காலத்தில் ஓட்டியதும் ஃபார்முலா மாருதிதான். பெரிய இன்ஜினுக்கு வழியில்லாத நாட்டில் எடையைக் குறைத்து வேகம் தேடிய புத்திசாலித்தனம் அது.

வெளிநாட்டிலும் இதே கதைதான். 1996-ல் வந்த லோட்டஸ் எலிஸ் காரில் வெறும் 118 ஹெச்.பி. எடை சுமார் 725 கிலோ. 100 கி.மீ. வேகத்தை ஏறக்குறைய 6 விநாடியில் தொட்டது. 1,500 கிலோ கார் ஒன்றுக்கு அதே விகிதம் வேண்டுமென்றால் 245 ஹெச்.பி. தேவை. பெரிய இன்ஜின் வைத்தால் பெரிய ரேடியேட்டர், பெரிய பிரேக், பெரிய பெட்ரோல் டேங்க் என்று எடை மறுபடியும் கூடும். எடையைக் குறைத்தால் பிக்கப் மட்டுமல்ல, பிரேக்கிங்கும் வளைவில் திரும்புவதும் மைலேஜும் சேர்ந்தே நன்றாகும்.

அப்படியானால் ஹெச்.பி.யை எடையால் வகுத்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடுமா? இல்லை. மெக்லாரன் எஃப்1 காரில் 627 ஹெச்.பி., சுமார் 1,140 கிலோ. டன்னுக்கு 550. 2005-ல் வந்த புகாட்டி வேரானில் 1,001 ஹெச்.பி., 1,888 கிலோ. டன்னுக்கு 530. கணக்குப்படி மெக்லாரன்தான் முந்த வேண்டும். ஆனால் 100 கி.மீ.க்கு அது 3 விநாடிக்கு மேல் எடுத்தது, வேரான் சுமார் 2.5 விநாடிதான் எடுத்தது! காரணம் டயர் பிடிப்பு. வேரானில் நாலு சக்கரமும் இழுக்கும், மெக்லாரனில் பின் சக்கரங்கள் மட்டும். புறப்படும்போது டயர் தாங்குவதற்கு மேல் வரும் சக்தி வெறும் புகையாகத்தான் போகும். வேகம் கொஞ்சம் ஏறிய பிறகே சக்திக்கும் எடைக்குமான விகிதம் ஆட்சி செய்கிறது. இன்னும் மேலே போனால் காற்றின் எதிர்ப்பு பெரிதாகி, அங்கே எடையை விட ஹெச்.பி.தான் பேசும்.

இதையெல்லாம் சேர்த்துச் செய்து காட்டியவர்களும் மாணவர்கள்தான். 2023-ல் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகர மாணவர்கள் கட்டிய மைத்தன் என்ற மின்சாரக் கார் 0.956 விநாடியில் 100 கி.மீ. வேகத்தைத் தொட்டது. எடை சுமார் 140 கிலோ, திறன் 326 ஹெச்.பி. நாலு சக்கரத்துக்கும் தனித்தனி மோட்டார், தரையோடு ஒட்டிப் பிடிக்க உறிஞ்சும் விசிறி.

தமிழ்நாட்டு இன்ஜினியரிங் மாணவர்களுக்கும் களம் இருக்கிறது. ஃபார்முலா பாரத் போட்டி கோவையில் கரிவரதன் பெயரைத் தாங்கிய பந்தயத் தடத்தில் பலமுறை நடந்திருக்கிறது. ஃபார்முலா ஸ்டூடண்ட் விதிப்படி பெட்ரோல் இன்ஜினுக்குள் போகும் காற்று 20 மி.மீ. துளை வழியாகத்தான் போக வேண்டும். ஆகவே எல்லோருக்கும் ஹெச்.பி.க்கு ஒரு உச்சவரம்பு உண்டு. எடையைக் குறைப்பதற்கு அப்படி ஒரு வரம்பு இல்லை. பணக்காரக் கல்லூரியோடு சாதாரணக் கல்லூரி போட்டியிட முடிகிற இடம் அதுதான்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். எடை குறைப்பது என்றால் பாதுகாப்பைக் கழற்றுவது அல்ல. சில பையன்கள் பைக்கில் மட்கார்டையும் கண்ணாடியையும் கழற்றிவிட்டு, ஹெல்மெட்டும் இல்லாமல் மார்த்தாண்டம் ரோட்டில் பறக்கிறார்கள். பைக்கும் ஆளும் சேர்ந்து 215 கிலோ என்றால், ஒன்றரைக் கிலோ ஹெல்மெட்டை விட்டுவிட்டு வருவதால் கிடைக்கும் லாபம் ஒரு சதவீதம்கூட இல்லை. போவது தலை!

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை புதுக் கார் ஒன்றின் படத்தைப் பார்க்கும்போது ஹெச்.பி.யோடு கிலோவையும் பாருங்கள், எத்தனை சக்கரம் இழுக்கிறது என்றும் பாருங்கள். நாளை நீங்களே ஒரு கார் கட்டப் போவதாக இருந்தால், இன்ஜின் தேடி அலையும் முன் நல்லதாக ஒரு தராசு வாங்கி வையுங்கள்.